ராஜினாமா என்னும் கதையாடல்: கரிசல் காட்டிலிருந்து சில குறிப்புகள்

2019 செப்டம்பரில் ஒரு காலை. கோவில்பட்டியில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு இளைஞன் பேப்பரை விரித்துவைத்துக்கொண்டு, எதிரே இருந்த பெரியவரிடம் சொன்னான்: "மாமா, இதப் பாத்தீகளா? மங்களூர்ப் பக்கம் கலெக்டரா இருக்கவரு, நம்ம தமிழ்நாட்டுக்காரரு, வேலையே வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டாராம்."

"எதுக்காம்?"

"நாடு போற போக்கு சரியில்ல, இதுக்குள்ள இருந்துக்கிட்டு வேல பாக்கது தப்புன்னு எழுதியிருக்காரு."

பெரியவர் டம்ளரைக் கீழே வைத்தார். "நல்ல காரியந்தான். அவருக்குத் திரும்பிப் போக ஒரு வீடு இருக்கும்."

இந்தப் பதிலில் கேலி இல்லை. சசிகாந்த் செந்தில் என்ற அந்த அதிகாரியின் மேல் அவருக்குக் கோபமும் இல்லை. ஆனால் ராஜினாமா பற்றி நம்முடைய பத்திரிகைகளும் மேடைகளும் சொல்லிவருகிற கதையில் இல்லாத ஒரு விஷயத்தை அவர் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனார். கொள்கைக்காகப் பெரிய உத்தியோகத்தை உதறியவர்களின் வரலாற்றை இந்தக் கரிசல் காட்டில் நின்றுகொண்டு எழுதினால் அது எப்படியிருக்கும் என்று அன்றிலிருந்தே யோசித்து வந்திருக்கிறேன்.

இந்தப் பக்கத்தில் இரண்டு சொலவடை உண்டு. பழையது: அரைக்காசு உத்தியோகமானாலும் அரமனை உத்தியோகம். பிந்தியது: கால் காசானாலும் கவர்மெண்டு காசு. இரண்டுக்கும் இடையில்தான் இந்த வட்டாரத்தின் நவீன வரலாறு கிடக்கிறது. அரண்மனை என்றால் எட்டயபுரம். ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948இல் வரும்வரை சுற்றுவட்டத்து ஊர்களுக்கு அதிகாரம் என்பதன் முகம் அதுதான். அந்த அரண்மனைச் சேவகத்தை விட்டுவிட்டு, 1904இல் மதுரை சேதுபதி பள்ளியில் சில மாதம் வாத்தியார் வேலை பார்த்து, அங்கிருந்து சென்னைக்குச் 'சுதேசமித்திர'னுக்குப் போனவர் பாரதி. ஒட்டப்பிடாரத்து வ.உ.சி. சட்டம் படிக்கத் திருச்சிக்குப் போகும் முன் கொஞ்சகாலம் தாலுகா கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்தார். இடைசெவல் கு. அழகிரிசாமி நாற்பதுகளில் பத்திரப் பதிவு அலுவலகத்து எழுத்தர் வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்குப் பத்திரிகை வேலைக்குப் போனார்.

இந்த மூன்றையும் வரிசையாக அடுக்கி, 'கரிசல் மண்ணின் துறவு மரபு' என்று ஒரு கட்டுரை எழுதிவிடலாம். மேடையில் கைதட்டுக் கிடைக்கும். ஆனால் அது பொய்யாகிப்போகும். வ.உ.சி. கச்சேரியை விட்டுப் போனபோது அவருக்குக் கப்பலும் தெரியாது, சிறையும் தெரியாது. வக்கீல் வீட்டுப் பிள்ளை வக்கீலுக்குப் படிக்கப் போனார், அவ்வளவுதான். அழகிரிசாமி எழுத்துக்காகப் போனார். அவர் உதறியதும் மாதச் சம்பளம் வருகிற ஒரு சின்ன நாற்காலி. பின்னால் வந்த புகழின் வெளிச்சத்தை முன்னால் நடந்ததன்மேல் பாய்ச்சி, அதைக் கொள்கையாகப் படிப்பது நம்முடைய பழக்கம். நமக்குத் துறவுக் கதைகள் பிடிக்கும். கபிலவாஸ்துவின் இளவரசனும், சேர அரியணையை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்ததாகச் சொல்லப்படும் இளங்கோவும், காவிரிப்பூம்பட்டினத்துச் செட்டி வீட்டை விட்டுத் தெருவில் இறங்கிய பட்டினத்தாரும் நம்முடைய கதையாடலின் அச்சுகள். இந்த அச்சில் ஒரு நிபந்தனை உண்டு. துறக்க வேண்டுமானால் முதலில் ஒரு மாளிகை வேண்டும். குடிசையை விட்டுப் போகிறவனை யாரும் துறவி என்று சொல்வதில்லை, பஞ்சம் பிழைக்கப் போனவன் என்றுதான் சொல்வார்கள்.

இருபதாம் நூற்றாண்டில் அந்த மாளிகையின் இடத்தை ஐ.சி.எஸ். பிடித்துக்கொண்டது. சுபாஷ் சந்திர போஸ் 1920இல் நான்காவது இடத்தில் தேறி, 1921 ஏப்ரலில் அந்தப் பதவியை வேண்டாமென்று எழுதிக்கொடுத்த கதையை நாம் எல்லோரும் பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறோம். நான்காவது இடம் என்பதைச் சேர்த்துத்தான் சொல்வார்கள். இடம் உயர உயர ராஜினாமாவின் எடையும் கூடுகிறது. சுதந்திரத்துக்குப் பிறகு இதே அச்சில் ஐ.ஏ.எஸ். வந்து உட்கார்ந்தது. 1968இல் ஐ.ஏ.எஸ். ஆகி எழுபதுகளின் நடுவில் அதை விட்டுவிட்டு ராஜஸ்தான் கிராமத்துக்குப் போன சென்னையில் பிறந்த அருணா ராயின் கதையை இதில் கொஞ்சம் தள்ளித்தான் வைக்க வேண்டும். அவர் விட்டது என்ன என்பதைவிட, 1990இல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடனைத் தொடங்கியதும், அங்கே கூலிக் கணக்கேட்டைக் காட்டு என்று கேட்ட கூலிக்காரர்களின் குரல் 2005இல் தகவல் உரிமைச் சட்டமாக ஆனதும்தான் பேசப்பட வேண்டியவை.

சரி, கரிசலுக்கு வருவோம்.

கோடையில் கால் நுழைகிற அளவுக்கு வெடித்துக்கிடக்கும், மழையில் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும் மண் இது. ஆறு கிடையாது. ஐப்பசி கார்த்திகை மழையை நம்பின மானாவாரி. கம்பும் சோளமும் உளுந்தும் பாசியும் வத்தலும் பருத்தியும் விளைந்தால் விளைந்தது. வெள்ளைக்காரன் 1901இலேயே கோவில்பட்டியில் ஒரு விவசாய ஆராய்ச்சிப் பண்ணை வைத்தான், பஞ்சுக்காக. மழைக்கு யாராலும் பண்ணை வைக்க முடியவில்லை. மழை பொய்த்த வருஷங்களில் இந்த ஊர்களைக் காப்பாற்றியது தீப்பெட்டிக் கட்டும், மில் சங்கும், பட்டாளமும், அப்புறம் கவர்மெண்டு வேலையும். வீட்டில் ஒருவருக்கு மாதம் முதல் தேதி சம்பளம் வருகிறது என்றால் அது வற்றாத கிணறு. அந்தக் கிணற்றை நம்பி ஒரு தங்கச்சி கல்யாணம், ஒரு தம்பி படிப்பு, அப்பனின் கடன், இவ்வளவும் நிற்கும். ஆகவே இங்கே 'வேலையை விட்டுட்டான்' என்ற சொல்லுக்கு நகரத்தில் உள்ள அர்த்தம் கிடையாது. கிணற்றைத் தூர்த்துவிட்டான் என்பதற்குப் பக்கத்தில் வருகிற சொல் அது.

அந்தக் கிணறும் எல்லோருக்கும் பொதுவாக இருந்ததில்லை. 1980 வரை கிராமத்தில் அரசாங்கம் என்றால் கர்ணமும் கிராம முன்சீபும்தான். பரம்பரை பரம்பரையாகச் சில சாதிகளின் சில வீடுகளுக்குள்ளேயே சுற்றிவந்த பதவிகள். வெட்டியானும் தலையாரியும் கூடப் பரம்பரைதான், ஆனால் அது வேறு பரம்பரை. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டத்தின் மூலம் கர்ணம், முன்சீப் பதவிகளை ஒரே நாளில் ஒழித்தது. பதவி இழந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். 1982இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. அதற்குப் பிறகுதான் பரீட்சை எழுதி, இடஒதுக்கீட்டோடு தேர்வாகிற கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். சேரியிலிருந்து ஒருத்தர் வி.ஏ.ஓ. ஆகி வந்து உட்கார்ந்து, சர்டிபிகேட்டுக்கு ஊர்க்காரர் அவர் முன்னால் நிற்க வேண்டிய நிலைமை வந்தது. அந்தக் காட்சியைச் சகித்துக்கொள்ள முடியாத கோபம் இந்த மண்ணில் இன்னும் முழுதாக ஆறவில்லை. நம்முடைய சமூக வரலாற்றில் 1980 நவம்பருக்கு உரிய இடம் இதுவரை கொடுக்கப்படவில்லை என்பது என் அபிப்பிராயம்.

அந்தக் கோபம் என்ன செய்யும் என்பதற்குக் கொடியங்குளம் சாட்சி. 1995 ஆகஸ்ட் 31ஆம் தேதி ஒட்டப்பிடாரம் வட்டாரத்தில் இருக்கும் அந்தத் தலித் கிராமத்துக்குள் நூற்றுக்கணக்கான போலீஸார் புகுந்தார்கள். வீடுகளை உடைத்தார்கள், டி.வி., பீரோ, தானியம் எல்லாவற்றையும் நாசமாக்கினார்கள். குடிதண்ணீர்க் கிணற்றிலும் விஷத்தைக் கலந்ததாக ஊர் சொன்னது. வெளிநாடு போய்ச் சம்பாதித்தவர்களும் படித்தவர்களும் இருந்த, ஓரளவு தலையெடுத்த ஊர் அது. அன்று அழிக்கப்பட்டவற்றின் பட்டியலில் ஓர் உருப்படி நம்மை நிறுத்திவைக்க வேண்டும்: பாஸ்போர்ட்டுகளும் படிப்புச் சான்றிதழ்களும். ரொக்கத்தை எடுத்ததைத் திருட்டு என்று சொல்லிவிடலாம். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டைக் கொளுத்துவதற்கு என்ன பெயர்? இந்தக் காகிதம் இருந்தால்தானே நீ நாற்காலிக்கு வருவாய் என்று தெரிந்து செய்தது அது.

ராஜினாமாவைப் பற்றிய நம்முடைய பேச்சு இந்தக் காகிதத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று தோன்றுகிறது. ஒருவருக்கு நாற்காலி தாத்தா காலத்திலிருந்து வீட்டில் கிடக்கும் சாமான். இன்னொருவருக்கு அது மூன்று தலைமுறை அடியும் உதையும் பட்டு, அம்பேத்கர் எழுதிவைத்த ஒரு சட்டப் பிரிவின் பலத்தில், கொளுத்தப்படாமல் தப்பித்த ஒரு காகிதத்தைக் காட்டிப் பெற்றது. இருவரும் எழுந்துபோனால் இரண்டும் ராஜினாமாதான். ஆனால் இரண்டும் ஒரே செயல் அல்ல.

ப. சிவகாமியின் விலகலை இப்படித்தான் படிக்க வேண்டியிருக்கிறது. 1957இல் பெரம்பலூரில் பிறந்து, 1980இல் ஐ.ஏ.எஸ். ஆனவர். இந்தக் கரிசல் தாலுகாக்கள் அடங்கிய தூத்துக்குடி மாவட்டத்திலும் வேலூரிலும் ஆட்சியராக இருந்தவர். 'பழையன கழிதலும்' நாவல் 1989இல் வந்தபோது தமிழில் தலித் பெண் எழுத்து என்று ஒரு வகைப்பாடே இல்லை. அந்த நாவல் மேல்சாதியை மட்டும் விமர்சித்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. தலித் தலைமைக்குள் இருந்த ஆண் அதிகாரத்தையும் தோலுரித்தது. அதற்காகத் தன் பக்கத்து ஆட்களிடமே வாங்கிக்கட்டிக்கொண்டார். 1995லிருந்து 'புதிய கோடாங்கி'யை நடத்தினார். அரசு அதிகாரி ஒருவர், அதுவும் ஆட்சியர் அந்தஸ்தில் உள்ளவர், அரசாங்கம் தலித்துகளை நடத்தும் விதத்தைப் பற்றி எழுதுகிற பத்திரிகையை நடத்துவது சாதாரணக் காரியமல்ல. ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறைச் செயலராகவும் இருந்தார். 28 வருஷப் பணிக்குப் பிறகு, இன்னும் பல ஆண்டு சர்வீஸ் இருக்கும்போதே, 2008இல் வெளியேறினார்.

இங்கே ஒரு முரணைக் கவனிக்க வேண்டும். மக்கள்தொகை விகிதத்துக்கேற்பத் திட்டப் பணத்தில் ஒரு பங்கைத் தலித்துகளுக்கென்று ஒதுக்க வேண்டும் என்கிற சிறப்புக் கூறுத் திட்டம் எழுபதுகளின் கடைசியில் உருவானது. அதை உருவாக்கியதில் முக்கியப் பங்கு பி.எஸ். கிருஷ்ணன் என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரிக்கு. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும் அவர் உழைப்பு இருக்கிறது. அவர் ராஜினாமா செய்யவில்லை. கொத்தடிமை ஒழிப்புக்காக ஆந்திரத்தில் முதலமைச்சரின் கோபத்தைச் சம்பாதித்துக்கொண்ட, தஞ்சாவூர்ப் பக்கத்து எஸ்.ஆர். சங்கரனும் ராஜினாமா செய்யவில்லை. நாற்காலியிலேயே உட்கார்ந்து, ஃபைலிலேயே எழுதி எழுதி ஒரு திட்டத்தையும் சில சட்டங்களையும் உண்டாக்கினார்கள். அப்படி உண்டான பணம் ஆண்டுதோறும் செலவழிக்கப்படாமலும் வேறு வேலைக்குத் திருப்பிவிடப்பட்டும் போவதைத் தலித் இயக்கங்கள் விடாமல் சொல்லி வந்திருக்கின்றன. பஞ்சமி நிலக் கதையும் இதுதான். 1892இல் ஒதுக்கப்பட்ட நிலம் நூறு வருஷத்தில் கைமாறிப் போய், அதைத் திரும்பக் கேட்டதற்கு 1994 அக்டோபர் 10இல் செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச்சூட்டில் செத்தார்கள். நில உரிமையைப் பற்றி இடைவிடாமல் பேசிவந்த சிவகாமி, அந்தத் துறையின் தலைமை நாற்காலியிலேயே உட்கார்ந்து பார்த்தவர். எந்த நாற்காலியில் ஒரு திட்டம் பிறந்ததோ, அதே மாதிரியான நாற்காலியில் உட்கார்ந்து அதன் கதியைப் பார்க்க நேர்ந்தவர் அவர். உள்ளே இருந்து முடியும் என்பதற்கும் முடியாது என்பதற்கும் இவ்வளவு பக்கத்தில் நின்ற சாட்சி நம்மிடம் வேறு கிடையாது.

அவருடைய விலகலை நம் அறிவுலகம் எப்படி எதிர்கொண்டது? துறவு என்று கொண்டாடவில்லை. 2009 தேர்தலில் பகுஜன் சமாஜ் கட்சி சார்பில் கன்னியாகுமரியில் நின்றார், தோற்றார். அந்த ஆண்டு முடிவில் சமூக சமத்துவப் படையைத் தொடங்கினார். 2016இல் தி.மு.க. அணியில் பெரம்பலூரில் நின்று மறுபடி தோற்றார். "பதவி ஆசைல போனாக, ரெண்டும் போச்சு" என்று இலக்கியக் கூட்டம் முடிந்து டீ குடிக்கிற இடத்தில் சொல்லக் கேட்டிருக்கிறேன். சொன்னவர் முற்போக்குக்காரர்தான். போஸ் பதவியை விட்டுவிட்டு அரசியலுக்குப் போனால் தேசபக்தி, தலித் பெண் போனால் பதவி ஆசை. அவர் எடுத்த தேர்தல் முடிவுகளோடும் கூட்டணியோடும் எனக்கும் சண்டை உண்டு, அது வேறு விஷயம். ஆனால் ஒரு செயலை அதன் பலனை வைத்து அளப்பது என்றால், 1951 செப்டம்பர் 27இல் நேரு மந்திரிசபையிலிருந்து ராஜினாமா செய்த அம்பேத்கரை என்ன செய்வது? இந்துச் சட்ட மசோதாவைக் கைவிட்டதை மட்டும் அவர் காரணமாகச் சொல்லவில்லை. தாழ்த்தப்பட்டோர் விஷயத்தில் அரசின் அலட்சியம், பிற்படுத்தப்பட்டோர் கமிஷன் அமைக்கப்படாதது, வெளிநாட்டுக் கொள்கை, தனக்கு முக்கியமான இலாகா எதுவும் தரப்படாதது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். 'இலாகா தரவில்லை' என்பதை மறைக்காமல் எழுதினார் பாருங்கள், அங்கேதான் துறவுக் கதையாடல் உடைகிறது. அதிகாரம் வேண்டும், அதுவும் உண்மையான அதிகாரம் வேண்டும், பெயருக்கு ஒரு நாற்காலி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போன ராஜினாமா அது. 1952 தேர்தலில் பம்பாயில் அவரும் தோற்றார். சிவகாமியின் விலகலுக்கு முன்மாதிரி தேட வேண்டுமானால் அதை இங்கே தேட வேண்டும், பட்டினத்தாரிடம் அல்ல.

கரிசல்காரர்கள் இன்னொரு வழியும் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். விளாத்திகுளம் பக்கம் பிறந்த பா. செயப்பிரகாசம் 1965 இந்தி எதிர்ப்பில் சிறைக்குப் போன மாணவர். எழுபதுகளின் தொடக்கத்தில் அரசின் செய்தித் துறையில் அதிகாரியானார். எண்பதுகளில் 'மனஓசை'யில் சூரியதீபன் என்ற பெயரில் அதே அரசைக் கிழித்து எழுதினார். பகலில் அமைச்சர்களின் செய்திக் குறிப்பு, ராத்திரியில் சூரியதீபன். வேலையை விடவில்லை, ஓய்வு பெறும்வரை இருந்தார். 2022இல் காலமானார். இதை இரட்டை வேடம் என்று சொல்லுகிறவர்கள், மாதச் சம்பளத்தை நம்பியிருக்கும் வீட்டில் ஒரு வருஷம் இருந்து பார்த்துவிட்டுச் சொல்லட்டும். அதே சமயம், இதுவே போதும் என்று நாம் எல்லோரும் ஒரு புனைபெயரைப் போட்டுக்கொண்டு பிராவிடண்ட் பண்டைக் காப்பாற்றிவிட முடியுமா என்பதும் கேள்விதான். இந்தக் கேள்வி என்னையும் சேர்த்துத்தான்.

கணக்கு வழக்கையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். ராஜினாமா என்றால் பழைய சர்வீஸ் மொத்தமும் போய்விடும், பென்ஷன் இல்லை. 20 வருஷம் முடித்து விருப்ப ஓய்வு என்றால் பென்ஷன் உண்டு. எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது, அரசாங்கம் ஏற்றுக்கொள்ளவும் வேண்டும். காஷ்மீரில் பேச்சுரிமை முடக்கப்பட்டதைக் கண்டித்து 2019 ஆகஸ்டில் ராஜினாமா செய்த கண்ணன் கோபிநாதனை, அடுத்த வருஷம் கொரோனா நேரத்தில் வேலைக்குத் திரும்பு என்று அரசாங்கம் கூப்பிட்டது. அவர் மறுத்துவிட்டார். போவதற்கும் அனுமதி வேண்டியிருக்கிறது.

ராஜினாமாக் கடிதங்களை நாம் பாதுகாத்து வைக்கிறோம், மொழிபெயர்க்கிறோம். 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்ததற்காக ஜெயலலிதா அரசு ஏறத்தாழ 1,70,000 அரசு ஊழியர்களையும் ஆசிரியர்களையும் ஒரே வீச்சில் டிஸ்மிஸ் செய்தது. வேலைநிறுத்தம் அடிப்படை உரிமை அல்ல என்று ஆகஸ்ட் 6இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. நிபந்தனையற்ற மன்னிப்பு எழுதிக்கொடுத்தால் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்றது அரசு. எழுதிக்கொடுத்தார்கள். நிமிர்ந்து நின்ற ஒரு வாத்தியார், நாலு வரி மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து யாரோடும் பேசாமல் படுத்துக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கடிதங்களை யாரும் தொகுக்கவில்லை. கொள்கை என்பதன் வரலாற்றில் அவற்றுக்கு இடம் உண்டா, இல்லையா?

கடைசியாக, தூத்துக்குடி. 2018 மே 22இல் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிராக ஆட்சியர் அலுவலகத்தை நோக்கிப் போன ஜனங்கள்மீது சுட்டார்கள். அன்றும் மறுநாளுமாகச் சுட்டதில் 13 பேர் செத்தார்கள். அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. ஆட்சியர் அன்று தலைமையிடத்தில் இல்லாமல் கோவில்பட்டியில் இருந்ததை அது குறையாகச் சொல்கிறது. ஆம், நம்ம கோவில்பட்டிதான். அப்படியானால் சுட உத்தரவிட்டது யார்? முதல் தகவல் அறிக்கைகளில் வருவது துணைத் தாசில்தார்களின் பெயர்கள். சிறப்பு நிர்வாக நடுவர்கள் என்று அவர்களுக்கு ஒரு பட்டம். ஐ.ஏ.எஸ். இல்லை, ஐ.பி.எஸ். இல்லை. குரூப் ஃபோர் எழுதி இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, படிப்படியாக ஏறி எட்டக்கூடிய நாற்காலி துணைத் தாசில்தார். தீப்பெட்டி ஒட்டிக்கொண்டே பிள்ளையைப் படிக்க வைக்கும் ஒரு கரிசல்காட்டு அம்மா கனவு காண்பது இந்த நாற்காலியைத்தான், கலெக்டர் நாற்காலியை அல்ல.

இந்தத் துப்பாக்கிச்சூட்டுக்காக வேலையே வேண்டாமென்று எழுதிக்கொடுத்த ஒரு அதிகாரியின் பெயரும் நம் காதுக்கு எட்டவில்லை. மேலே இருந்தவர்கள் எழுந்து போயிருக்க முடியும், அவர்களுக்குத் திரும்பிப் போக வீடு இருந்தது. அந்தத் துணைத் தாசில்தார் முன்னால் இருந்தது ராஜினாமாக் கடிதம் அல்ல. அவர் முன்னால் இருந்தது கையெழுத்துக் கேட்டு நீட்டப்பட்ட வேறொரு காகிதம்.